புதுப்பிப்பு: இரண்டு கற்பித்தல் விதிகள் மோதினால்?

முந்தைய இழையில் கேட்டது இதுதான்: கணினிப் பயிற்றுநரில் (மாணவருக்குப் பாடம் சொல்லித்தரும் மென்பொருளில்) "தவறினால் குறிப்பு கொடு", "தவறினால் எதிர்க்கேள்வி கேள்" என்ற இரண்டு விதிகளும் ஒரே நேரத்தில் பொருந்தினால் எதை ஓடவிடுவது? முன்னுரிமை எண் போடச் சொன்னீர்கள். போட்டேன். விதிகள் கூடக் கூட, எண்களைத் திருத்துவதே வேலையாகிப் போனது.

அதனால் இப்போது நிபந்தனையையே கூர்மையாக்கிவிட்டேன். மாணவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினால், தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே கூட்டியிருக்கிறார் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். அங்கே குறிப்பு வேண்டாம். "2/5 பெரிதா, 1/2 பெரிதா?" என்ற கேள்வியே போதும், கூட்டிய பிறகு குறைந்திருக்கிறதே என்று அவரே யோசிப்பார். 4/7 என்று வந்தால் எங்கே சறுக்கினார் என்பது தெரியாது. அதற்கு மட்டும் குறிப்பு.

அப்புறம், பாட விதிகளையும் (பின்னத்தை எப்படிக் கூட்டுவது போன்றவை) கற்பித்தல் விதிகளையும் ஒரே கோப்பில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். 1970களின் இறுதியிலேயே கணினி ஆய்வாளர் வில்லியம் கிளான்சி, மைசின் என்ற மருத்துவக் கணினி நிரலின் நோயறியும் விதிகளை வைத்து கைடான் என்ற கணினிப் பயிற்றுநரை உருவாக்கியபோது, கற்பிக்கும் விதிகளைத் தனியாகத்தான் வைத்தார். பாடம் மாறினாலும் கற்பிக்கும் விதிகளை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே நோக்கம்.

மாணவர் ஊகித்து எழுதிய சரியான விடைக்கு மட்டும் இன்னும் விதி எழுதவில்லை.