நாணயக் கூட்டில் படிந்த ஸ்டிக்கர் பசையைப் பாதுகாப்பாக நீக்குவது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தான் வாசகர்

வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய்களை வட்டமான பிளாஸ்டிக் கேப்சூல்களிலும், எங்கள் ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்த 1904ஆம் ஆண்டு ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் டாலரை, தரச்சான்று நிறுவனம் சோதித்து மூடி முத்திரையிட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியான ஸ்லாப்பிலும் வைத்திருக்கிறேன். மேலே ஒட்டியிருந்த விலைச்சீட்டுகளை உரித்த இடத்தில் பசை தங்கித் தூசியை இழுக்கிறது. தின்னர் அல்லது நீலகிரித் தைலம் போட்டுத் துடைக்கலாம் என்கிறார்கள். கூடு கெடாதா?

மறுமொழி: தேவகோட்டைச் சேகரிப்பாளர்

இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், ஐயா. இத்தகைய கூடுகள் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிஸ்டைரீனால் ஆனவை. தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி ஆகியவை இவ்விரண்டையும் கரைத்து, பளிங்கு போன்ற மேற்பரப்பை நொடியில் பால்போல் வெளுக்கச் செய்துவிடும். கண்ணாடிக் குப்பியில் ஒட்டிய பசைக்கு நீலகிரித் தைலம் அருமையான மருந்துதான், ஆனால் பாலிஸ்டைரீனை அது இளக்கக்கூடியது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த ஸ்டிக்கர் நீக்கிகளுக்கும் இதே குணம் உண்டு. எந்தப் பிளாஸ்டிக் என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாதபோது, இரண்டையும் கெடுக்காத வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேப்சூலாக இருந்தால், நாணயத்தின் விளிம்பை மட்டும் பிடித்து வெளியே எடுத்து, மெத்தென்ற பருத்தித் துணிமேல் வைத்துவிட்டு, பிறகு கூட்டில் கை வையுங்கள். செலோ டேப்பைப் பசையின் மேல் அழுத்தி வெடுக்கென்று எடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பகுதி அதனோடு வந்துவிடும். மிச்சத்தின் மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, விரல் நுனியால் உருட்டி எடுங்கள். பிளேடோ நார்த் துண்டோ கூடவே கூடாது, கீறல் விழுந்தால் பசையைவிட அதுவே கண்ணை உறுத்தும். கடைசியில் மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயைத் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே நாணயத்தை உள்ளே வைக்க வேண்டும்.

ஸ்லாப்பைத் திறக்காதீர்கள், திறந்தால் சான்றின் மதிப்புப் போய்விடும். அது நீர் புகாத பெட்டியும் அன்று. ஆகவே எண்ணெயும் ஈரமும் ஓரத்து இணைப்பை நெருங்காதபடி பஞ்சுக் குச்சியால் பசை உள்ள இடத்தை மட்டும் தொடுங்கள்.

மறுமொழி: பள்ளத்தூர் வாசகர்

இனி உரிக்கப்போகும் சீட்டுகளுக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் எட்ட வைத்துச் சற்றே காட்டினால் பசை இளகிவிடும். பிறகு சீட்டின் மூலையைப் பிடித்துப் படுக்கைவாக்கில் மெல்ல இழுக்கலாம். கேப்சூல் மலிவானது என்பதால், மங்கிப்போன ஒன்றுடன் மல்லுக்கட்டுவதைவிடப் புதிது வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வியாளர்:

மிக்க நன்றி. மென்மையான பிளாஸ்டிக் உறையொன்றில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் செம்பு நாணயங்களான அம்மன் காசுகளும் உள்ளன. அந்த உறையிலும் பசை இருக்கிறது, உள்ளே காசின் மேல் பச்சையாக ஏதோ பிசுபிசுக்கிறது.

மறுமொழி: தேவகோட்டைச் சேகரிப்பாளர்

அந்த உறையைத் துடைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். அது பெரும்பாலும் பிவிசியாக இருக்கும். நாளடைவில் அது சிதைந்து வெளியேற்றும் அமிலம் செம்பை அரிப்பதால்தான் அந்தப் பச்சைப் பிசுக்கு உண்டாகிறது. காசுக்கு மட்டும், அதுவும் உறையிலிருந்து எடுத்த பிறகு, கலப்பில்லாத அசிட்டோன் உதவும்: காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். பிறகு பாலியெஸ்டர் உறையில் வைத்துக்கொள்ளலாம்.