புதுப்பிப்பு: ராயபுரம் வீட்டு ஜன்னலை மாத்தியாச்சு

பிப்ரவரியில கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? தாத்தா காலத்து மர ஜன்னல், கடல் காத்துல கம்பியெல்லாம் துருப்பிடிச்சு, கதவு சரியா மூடாம ஏசி காத்து வெளியே போகுது, என்ன பண்ணலாம்னு.

மேற்குப் பக்க படுக்கையறையில மட்டும் ரெண்டு ஜன்னலை யுபிவிசிக்கு, அதாவது துருப்பிடிக்காத கெட்டி பிளாஸ்டிக் சட்டம் வச்ச ஜன்னலுக்கு மாத்தினேன். வீடு முழுக்க மாத்தக் காசு இல்ல. நிறைய பேர் சொன்ன இரட்டைக் கண்ணாடியும் (நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு கண்ணாடி வைக்கிறது) போடல, விலை கேட்டதுமே தலை சுத்திடுச்சு.

ஏப்ரல்-மே பில் வந்துடுச்சு. போன வருஷம் 540 யூனிட், இந்த முறை 470. 500 தாண்டினா கட்டண அடுக்கே மாறிடும்ல, அதனால யூனிட் குறைஞ்சதைவிட ரூபாய் நல்லாவே குறைஞ்சது. ஆனா பையன் மே மாசம் முழுக்க பாட்டி வீட்ல இருந்தான். அந்தப் பங்கை எப்படிக் கழிக்கிறதுன்னு தெரியல.

உண்மையைச் சொல்லணும்னா, பெரிய வித்தியாசம் தந்தது ஜன்னலுக்கு வெளியே கட்டின மூங்கில் தட்டிதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துட்டா, அப்புறம் திரை போட்டாலும் சூடு அறைக்குள்ளதான் நிக்கும். வெளியிலயே தடுக்கணும். "முதல்ல தட்டி கட்டுங்க அண்ணே"ன்னு சொன்ன தம்பிக்கு நன்றி.

ஒரு தப்பு பண்ணிட்டேன். ஸ்லைடிங் வாங்கிட்டேன். பாதிதான் திறக்குது, சாயங்காலக் கடல் காத்தும் பாதிதான். அம்மா தினமும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க. அடுத்து கூடத்து ஜன்னல், அதுக்கு முழுசா திறக்கிற கதவுதான்.