அப்பாவின் ஐபோன் எக்ஸ்ஆரில் ஐஓஎஸ் 26 வரவே இல்லை, போனை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

யீஷூன்வாசி:
வணக்கம். தம்பியின் போனில் திரையெல்லாம் கண்ணாடி மாதிரி மாறிவிட்டது, ஐபோனின் சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 26 என்கிறான். அப்பாவின் எக்ஸ்ஆரில் சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்துக்குப் போனால் 18.7 என்று ஏதோ காட்டுகிறது, 26 கண்ணிலேயே படவில்லை. இடம் போதவில்லையோ என்று அவருடைய பழைய வீடியோக்களை அழித்தேன், வைஃபையும் மாற்றிப் பார்த்தேன். தேக்கா பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "இது செத்த போன்மா, பேங்க் ஆப் எல்லாம் நின்னுடும், பழைய ஐபோன் 11 ஒண்ணு இருக்கு, எடுத்துக்குங்க" என்றார். அப்பாவுக்கு வேண்டியது சிங்கப்பூர் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ், பணம் அனுப்பும் பேநவ், வாட்ஸ்அப், ஊரில் இருக்கும் அத்தையோடு வீடியோ கால், அவ்வளவுதான். கடைக்காரர் சொல்வது சரியா?

தெம்பனிஸ் மணி:
போனில் கோளாறு எதுவும் இல்லை. ஐஓஎஸ் 26 ஐபோன் 11-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ், எக்ஸ்ஆர் மூன்றையும் 2025 செப்டம்பரில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எவ்வளவு இடம் காலி செய்தாலும் வராது. முதலில் அந்த வீடியோக்களை மீட்டுவிடுங்கள். போட்டோஸில் ‘சமீபத்தில் அழித்தவை’ என்ற இடத்தில் 30 நாள் வரை கிடக்கும்.

அப்புறம், அப்டேட் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: புது வசதி, பாதுகாப்புத் திருத்தம், ஆப். புது வசதிதான் முதலில் நிற்கும். மற்ற இரண்டும் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடும். 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸைப் பாருங்கள். ஐஓஎஸ் 12-ஓடு அதற்குப் புது வசதி நின்றுபோனது. ஆனால் 2023 ஜனவரியில்கூட 12.5.7 என்று ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. எக்ஸ்ஆருக்கும் அப்படித்தான், 26 வெளியான பிறகும் 18.7.1, 18.7.2 என்று வந்திருக்கின்றன. நீங்கள் தாண்டிப் போன அந்த 18.7தான் அப்பாவுக்கு வேண்டியது. இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு ஐஓஎஸ் 15.1 இருந்தாலே போதும், 18 தாராளம். சிங்பாஸுக்கும் வங்கி ஆப்புக்கும் கடைக்காரர் வாயைப் பார்க்க வேண்டாம். ஆப் ஸ்டோரில் அந்தந்த ஆப்பின் பக்கத்தில் கீழே இறங்கினால் எந்த ஐஓஎஸ் முதல் ஓடும் என்று போட்டிருக்கும்.

உட்லண்ட்ஸ் அக்கா:
அந்த ஐபோன் 11-ஐ மட்டும் வாங்கிவிடாதீர்கள் கண்ணு. அது 2019 மாடல், ஐஓஎஸ் 26 பட்டியலிலேயே ஆக மூத்தது. அடுத்த வெட்டு அதன் தலையில்தான் விழும். நீங்கள் எப்போது வாங்கினாலும் கணக்கு மாடல் வெளிவந்த நாளிலிருந்துதான் ஓடும், பில் தேதியிலிருந்து இல்லை.

ஆண்ட்ராய்டுக்கும் இதே கணக்குதான். 2021-ல் ஆண்ட்ராய்டு 11-ஓடு வந்த கேலக்ஸி ஏ52 14-ஓடு நின்றுவிட்டது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருடம் அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் 2024-ல் வந்த எஸ்24-ஐ 2027-ல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் மிச்சம் நாலே வருடம்தான்.

ரயில்பயணி:
26 கிடைத்தவர்களுக்கு மட்டும் எல்லாம் கிடைத்துவிட்டதாக்கும்! 2023-ல் புத்தம்புதுசாக ஐபோன் 15 வாங்கியவருக்கே ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் கிடையாது. 15 ப்ரோவில்தான் தொடங்குகிறது. சிப்பும் மெமரியும் போதாது என்கிறார்கள். உங்கள் அப்பா ஒன்றும் பெரிதாக இழக்கவில்லை.

யீஷூன்வாசி:
நன்றி மணி அண்ணே, அக்கா. 18.7 இறங்கிக்கொண்டிருக்கிறது. வீடியோக்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன, அத்தை பேத்தியின் காதுகுத்து உட்பட. ஆனால் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பேட்டரி ஹெல்த்தில் 74% காட்டுகிறது. அதுவும் பழைய சாஃப்ட்வேரால்தானா?

தெம்பனிஸ் மணி:
இல்லை, பேட்டரி தேய்ந்துவிட்டது. 80%-க்குக் கீழே போனாலே மாற்றச் சொல்வார்கள். புது பேட்டரி போட்டால் சார்ஜும் தாங்கும், திடீரென்று அணைந்துபோவதும் குறையும். புதுப் போனோடு பார்த்தால் செலவு சொற்பம். அப்டேட் போடும்போது சார்ஜரிலேயே வைத்திருங்கள், பாதியில் அணையக் கூடாது.

உட்லண்ட்ஸ் அக்கா:
என்றைக்காவது 18-க்குத் திருத்தமே வராமல் போனால் அப்போது மாற்றலாம். மாற்றும்போது புதுப் போனில் சிங்பாஸ் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதில் இருப்பதை அழியுங்கள். அப்பாவே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். பழைய போனைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள், கடைத்தொகுதிகளில் வைத்திருக்கிறார்கள்.

யீஷூன்வாசி:
ஏறிவிட்டது. சிங்பாஸ், வங்கி ஆப் இரண்டும் ஆப் ஸ்டோரில் பார்த்தேன், 18-க்குப் பிரச்சினை இல்லை. சனிக்கிழமை பேட்டரி மட்டும் மாற்றப் போகிறோம். இழையை மூடிவிடலாம்.