யஸ்த் கொத்தாப்: சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

ஈரானில் யஸ்துக்குப் போய்வரும் நம் ஆட்கள் காற்றுக் கோபுரங்களையும் மண் சந்துகளையும்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த ஊர் இனிப்பான கொத்தாபைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அமீர் சக்மாக் சதுக்கத்தை ஒட்டியுள்ள ஹாஜி கலீஃபே ரஹ்பர் கடையில்தான் முதலில் வாங்கினேன். ஒரே வாயில் போடும் அளவு உருண்டை, மேலெல்லாம் வெள்ளைச் சர்க்கரைப் பொடி. பார்த்ததும் திகட்டும் என்று நினைத்தேன். கடித்தால் மெல்லிய பொரித்த மேல்மாவு, உள்ளே ஏலக்காய் மணக்கும் பாதாம் தூள். பாகு கிடையாது, பிசுபிசுப்பும் கிடையாது. இனிப்பில் பெரும்பகுதி வெளிப்பொடிதான், உள்ளே பாதாம் ருசிதான் முன்னால் நிற்கிறது. ஊருக்குக் கொண்டுவர வாங்கிய பெட்டி ஊர் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

*

துபாயில் எங்கள் அலுவலகத்து ஈரானியப் பெண்மணி நவ்ரூஸ் என்ற ஈரானியப் புத்தாண்டு சமயத்தில், மார்ச் 20, 21 வாக்கில், கொண்டுவருவார். அவர் வீட்டில் பாதாமோடு வால்நட்டும் கலப்பார்களாம். எனக்குப் பாதாம் மட்டும் போட்டதே பிடிக்கும். வால்நட் லேசாகக் கசக்கிறது. பால் கலக்காத, சர்க்கரை போடாத தேநீரோடு சாப்பிடுங்கள். நம் டீயோடு சரிப்படாது.

*

வீட்டில் செய்கிறவள் என்பதால் சொல்கிறேன். இதைச் சோமாஸ் மாதிரி நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். மேல்மாவில் தயிர், முட்டை மஞ்சள் கரு, வெண்ணெய், கொஞ்சம் பேக்கிங் பவுடர் எல்லாம் சேரும். அதனால்தான் மொறுமொறுப்பாக இல்லாமல் பொலபொலவென்று இருக்கிறது. பிசைந்த மாவை மூடி வைத்து ஊற விடவேண்டும். பாதாமை நைசாக அரைத்தால் எண்ணெய் விட்டுக் கூழாகிவிடும், ரவை பதம் போதும். ஓரத்தை நன்றாக அழுத்தி மூடுங்கள். பிரிந்தால் பூரணம் எண்ணெயில் கருகி, அடுத்த ஈடு முழுக்கக் கசக்கும். மிதமான தீயில் பொரித்து, எண்ணெய் வடிந்து சூடு தணிந்ததும், ஆனால் வெதுவெதுப்பு இருக்கும்போதே, சர்க்கரைப் பொடியில் புரட்ட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் புரட்டினால் பொடி உருகிவிடும், ஆறவிட்டால் ஒட்டவே ஒட்டாது.

*

நன்றி அக்கா, ரவை பதம் குறித்துக்கொண்டேன். யஸ்துக்குப் போகிறவர்கள் கொத்தாப் மட்டுமே வாங்காமல் கலப்புப் பெட்டியாகக் கேளுங்கள். பக்லவாவும் தேங்காய் லோஸ் என்ற வில்லை இனிப்பும் சேர்த்து வைத்துத் தருவார்கள்.