"க்ராஷ்" என்பதற்கு "செயலிழப்பு" மட்டும் போதாது

அன்பர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினிப் பழுதுக் கையேட்டின் சொற்பட்டியலில் "க்ராஷ்" என்பதற்கு நேராகச் "செயலிழப்பு" என்று மட்டும் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. செங்கோட்டை, புளியரைப் பக்கம் "சிஸ்டம் படுத்துட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆரியங்காவு தாண்டிக் கேரளப் பக்கமிருந்து வருகிறவர்கள் "ஓஃப் ஆயி", "ஹேங் ஆயி" என்று பிரித்துச் சொல்கிறார்கள். பழுதுபார்ப்பவருக்கு அந்தப் பிரிவுதான் முதல் தடயம். ஆகவே மூன்று சொற்கள் வேண்டும்.

முதலாவது திடீர் அணைவு. திரை, விளக்கு, விசிறி எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோவது. பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரக் கோளாறு. சார்ஜரில் மட்டும், பிறகு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 65 வாட் கேட்கும் கணினியில் 45 வாட் சார்ஜர் செருகியிருக்கிறதா என்றும் பார்க்கவும். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். சூடு என்றால், விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சுபோல் தூசி அடைத்திருக்கும். ஆனி, ஆடிச் சாரலில் ஈரம்பட்டு அது கெட்டித்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறியை எடுத்து, தூரிகையால் நீக்க வேண்டும். காற்று அடிப்பதானால் விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும். சிபியுவின் மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இடவும்.

இரண்டாவது உறைவு. படம் அப்படியே நிற்கும், சுட்டி நகராது. கேப்ஸ் லாக் விளக்கு அழுத்தும்போது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, சிக்கல் கிராபிக்ஸ் டிரைவரில் (திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளில்) இருக்கலாம். மாறாவிட்டால் ரேம் (நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்) பக்கம் போகலாம்.

மூன்றாவதற்குத் "தற்காப்பு நிறுத்தம்" என்று முன்மொழிகிறேன். விண்டோஸ் பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும் இதைத்தான் "நீலத் திரை" என்கிறோம். விண்டோஸ் 11இல் 2025 முதல் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது. நிறத்தை நம்பி வைத்த பெயர் நிற்காது. அதோடு இங்கே கணினி செயலிழக்கவில்லை. மேலும் ஓடினால் தரவு கெடும் என்று கண்டு இயங்குதளத்தின் மையமான கர்னலே வேண்டுமென்று நிறுத்துகிறது. "செயலிழப்பு" இந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது.

— செங்கோட்டையிலிருந்து

அண்ணாச்சி,

பிரிவு சரி. மூன்றாவது சொல் மட்டும் நீளம். "காப்பு நிறுத்தம்" என்று சுருக்கினால் "காப்பு நகல்" உடன் குழம்பும். "தன்னிறுத்தம்" பொருந்துமா?

இன்னொரு சிக்கல். அளவு மீறிச் சூடானால் சிபியுவும் தன்னைக் காக்கவே மின்சாரத்தை வெட்டுகிறது. அதுவும் தன்னிறுத்தம்தானே என்று கேட்பார்கள். எது எந்தத் தடத்தை விட்டுச்செல்கிறது என்பதை வைத்துப் பிரிப்போம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41ஆம் பதிவைத் திறந்தால் பக்செக்கோட் என்ற புலம் இருக்கும். அதில் எண் இருந்தால் தன்னிறுத்தம். அது பதின்ம எண்: 159 என்றால் டிரைவரின் மின்நிலை மாற்றத்தில் சிக்கல், 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர், 26 என்றால் நினைவக மேலாண்மை. 26 வந்தால் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டி, ரேம் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பூச்சியமானால் பெரும்பாலும் அணைவு அல்லது உறைவு. உறைந்தபின் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால், அதே பதிவில் அந்த அழுத்தலின் நேரத்தைக் காட்டும் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் புலம் பூச்சியமாக இருக்காது.

தானாக மறுதொடக்கம் ஆகும் அமைப்பை நிறுத்தச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள். அது இயங்கினால் தன்னிறுத்தத் திரை சட்டென மறைந்து, பார்ப்பவர் அணைவு என்றே நினைப்பார்.

— புனலூரிலிருந்து

தடத்தை வைத்துப் பிரிப்பது நல்ல வழி; தன்னிறுத்தம் என்றே மாற்றிவிட்டேன். சூட்டால் சிபியு வெட்டுவது அணைவின் கீழ் வரட்டும். ஒரு செயலி (ஆப்) மட்டும் மூடிக்கொள்வதை இந்த மூன்றிலும் சேர்க்கக் கூடாது, அதற்குச் "செயலி முறிவு" என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

— செங்கோட்டையிலிருந்து