கத்தியின் ‘பாரநடு’: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சமையற் பயிற்சிக் கைந்நூல் ஒன்றைத் தமிழாக்கும் வேலையில், கத்தியை ஒரு விரலின்மேல் கிடத்தும்போது எப்பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்துக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. இங்கே முன்வைக்கப்பட்ட ‘சமநிலைப் புள்ளி’ எனக்கு நிறைவளிக்கவில்லை. இரசாயனவியல் மாணவர் அதைக் கேட்டதும் இரசாயனத் தாக்கங்களின் சமநிலையையே நினைப்பார். ‘நிறைமையம்’ என்பதில் சிக்கல் இன்னும் பெரிது. நிறை என்றால் இலங்கைப் பாடநூல்களில் புவி பொருளை ஈர்க்கும் விசை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ இலங்கையில் நாம் திணிவு என்று சொல்வதையே, அதாவது பொருளில் அடங்கிய சடப்பொருளின் அளவையே, அச்சொல் குறிக்கும். இரு கரையினரும் படிக்கவேண்டிய நூலில் இந்தக் குழப்பத்தை ஏன் வலிந்து புகுத்த வேண்டும்?

அந்த இடம் கத்திக்குக் கத்தி மாறும். கொழும்பின் காலி வீதியோரத்தில் தம்பிலி (செவ்விளநீர்) வெட்டுபவரின் கத்தியில் இரும்பின் பெரும்பகுதி நுனிப்பக்கத்தில் இருப்பதால், அவர் ஓங்கியதும் கத்தி தன் பாரத்தாலேயே மட்டைக்குள் இறங்குகிறது. கை குறி பிழைக்காமல் பார்த்துக்கொண்டாற் போதும். அதே கத்தியால் வெங்காயத்தை மெல்லியதாக அரிய முயன்றால், விழ முனையும் நுனியைத் தாங்குவதிலேயே மணிக்கட்டு களைத்துவிடும். உணவகச் சமையலாளரின், ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அலகுடைய கத்தியில், சாயாமல் நிற்கும் அந்த இடம் பெரும்பாலும் அலகும் பிடியும் சந்திக்கும் இடத்தையொட்டி அமையும். பெருவிரலும் சுட்டுவிரலும் அலகின் அடியைக் கவ்வுவதும் அங்கேதான் என்பதால், நுனி பலகையை விட்டு அகலாமல் கத்தி இலகுவாக ஏறி இறங்குகிறது. தோல் சீவும் சிறு கத்தியில் பாரம் பிடிப்பக்கம் சாய்ந்தாலும் கேடில்லை. மொத்த நிறை ஒன்றாயிருக்கும் இரு கத்திகள்கூட, அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்துக் கையில் வேறுவேறாகத் தோன்றும்.

இந்த வேறுபாட்டைச் சொல்ல மாட்டுவண்டிக்காரர்கள் எப்போதோ சொற்கள் வைத்திருக்கிறார்கள். நுகத்தை அழுத்துவது முன்பாரம். நுகத்தைத் தூக்குவது பின்பாரம். தம்பிலிக் கத்தி முன்பாரக் கத்தி என்றால் விளக்கவுரை வேண்டியதில்லை. ஆகவே, அவற்றோடு இனஞ்சேரும்படி அந்த இடத்தைப் ‘பாரநடு’ என்று அழைக்கலாம் என முன்மொழிகிறேன். நடு என்றால் நீளத்தின் நடு என்று கொள்வார்களே என்ற தடை எழலாம். கத்தியின் நடு வேறு, பாரத்தின் நடு வேறு என்பதைத்தான் பயிலுநர் முதலில் அறிய வேண்டும்; ‘மையம்’ என்று வைத்தாலும் இத்தடை நீங்காது. வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: “பாரநடு பிடியை விட்டு நுனிப்பக்கம் தள்ளிப் போகப் போக, கத்தி வெட்டுவதற்கு உதவும், அரிவதற்கு இடையூறாகும்.” தடங்கலின்றி வாசிக்க முடிகிறது.

பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புக்கு ‘வால்’ போதுமா, கொல்லர் வழக்கில் வேறு சொல் உண்டா என்பதை அறிந்தவர்கள் எழுதினால், அதையும் கைந்நூலில் சேர்த்துவிடுவேன்.