புதுப்பிப்பு: கியோட்டோவுக்குப் பதிலாக யமாஷினாவில் தங்கினோம்

கியோட்டோவின் நெரிசலைத் தவிர்த்து, அமைதியான புறநகர் ஒன்றில் தங்கி, பகலில் பிற ஊர்களுக்குச் சென்றுவர எந்த இடம் ஏற்றது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. யமாஷினாவைப் பரிந்துரைத்தவரின் யோசனையே பலித்தது. அங்கிருந்து கியோட்டோ நிலையம் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் அடுத்த நிறுத்தம், ஏறத்தாழ 5 நிமிடம். கூடுதல் கட்டணமில்லாத ஷின்கைசொகு விரைவு ரயில் ஒசாகா, ஹிமெஜி, ஹிகோனே ஆகிய ஊர்களுக்கு வண்டி மாறாமலே கொண்டுசேர்க்கிறது. கியோட்டோவிலுள்ள நிஜோ கோட்டைக்குத் தோசாய் சுரங்க ரயில் நேராகச் செல்கிறது.

ஒன்றை அவசியம் கவனியுங்கள்: யமாஷினாவில் தடம் பிரிவதால், ஹிகோனே செல்வோர் பிவா ஏரியின் மேற்குக் கரையோரம் போகும் கோசெய் தட வண்டியை விடுத்து, பிவாகோ தட வண்டியில்தான் ஏற வேண்டும்.

நாங்கள் எதிர்பாராதது, 1890இல் நிறைவடைந்த பிவா ஏரிக் கால்வாயின் கரைப்பாதை. நிலையத்திலிருந்து நடந்தே அடையலாம். பிஷமொன்தோ கோயிலும் அந்தப் பக்கமே இருப்பதால், வெளியூர் செல்லாத நாளொன்றை இவ்விரண்டுக்கும் ஒதுக்குங்கள்.